ஓகஸ்டில் மழைக்காடு, கடற்கரை, நீலத்திமிங்கிலம்: பத்து நாளில் முடியுமா?

9 பெப்ரவரி, இரவு 10.15 (வாசகியின் கேள்வி)

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். இந்த முறை ஓகஸ்டில் ஊருக்கு வருகிறோம். நல்லூர்த் தேர் முடிந்த பிறகு பத்து நாள் கையில் இருக்கும். மகனுக்குப் பதினொரு வயது, திமிங்கிலம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். மகளுக்கு எட்டு, அவளுக்குக் குரங்கும் குருவியும். எனக்கு ஒரு நல்ல கடற்கரையில் கால் நீட்டி இருந்தால் போதும். மாமிக்கு அறுபத்தெட்டு வயது, அவவும் எங்களோடுதான். சிங்கராஜா மழைக்காடு இரண்டு நாள், யால வனப்பூங்கா ஒரு நாள், தெற்குக் கரையில் மிரிஸ்ஸ ஐந்து நாள் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். மிரிஸ்ஸவில் நீலத்திமிங்கிலம் கட்டாயம் காணலாம் என்று பார்க்கும் இடமெல்லாம் எழுதிக் கிடக்கிறது. நாளைக்கு ஹொட்டேலுக்குக் காசு கட்டப் போகிறேன். போய் வந்தவர்கள் சரியா பிழையா என்று சொல்லுங்கோ.

9 பெப்ரவரி, இரவு 10.50 (என் பதில்)

காசைக் கட்டாதீர்கள். ஓகஸ்டில் மிரிஸ்ஸ பிழையான கரை. விவரம் காலையில் எழுதுகிறேன்.

10 பெப்ரவரி, காலை 6.20

இலங்கையைச் சுற்றி ஒரே கடல் என்று வரைபடம் காட்டும். பயணம் போகிறவருக்கு அது இரண்டு கடல். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று காலியையும் மாத்தறையையும் அடிக்கிறது. எங்கள் பக்கத்து மீனவர்கள் சோழகம் என்று சொல்வது அந்தக் காலத்துக் காற்றைத்தான். அப்போது தெற்குக் கடல் கொந்தளிக்கும், நீரோட்டம் ஆளை இழுக்கும், கரையில் சிவப்புக் கொடி ஏறும். மிரிஸ்ஸவில் திமிங்கிலப் படகுகளின் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. ஓகஸ்டில் அங்கே போனால் ஐந்து நாளும் யன்னலால் அலையைப் பார்த்துக்கொண்டு இருக்க நேரும்.

அதே மாதங்களில் திருகோணமலையில் கடல் காலை வேளையில் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும். நடுவில் நிற்கிற மலைநாடு தென்மேற்கு மழையை மறித்துவிடுகிறது. நவம்பர் பிறந்து வாடைக்காற்று தொடங்கினால் எல்லாம் தலைகீழ்: கிழக்கு நனையும், தெற்கு தெளியும்.

அதனால் முதலில் மாதத்தைப் பாருங்கள், பிறகு கரையைத் தெரிவு செய்யுங்கள். இணையத்தில் எழுதிக் கிடப்பது பொய்யில்லை. அது பெப்ரவரியில் போனவர்கள் எழுதியது.

10 பெப்ரவரி, மாலை 5.30

"திருகோணமலையிலும் நீலத்திமிங்கிலமா, எப்போதிருந்து?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எப்போதும்தான். நான் திருகோணமலை உப்புவெளியில் பிறந்து வளர்ந்தவன். சுவாமி மலையில் கோணேசர் கோயிலுக்குப் பின்னால், இராவணன் வெட்டுப் பக்கமாக நின்று கடலைப் பார்த்தால், கண்ணாடியில்லாமலே மூச்சுத் தெரிந்த நாட்கள் உண்டு. தொடுவானத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் தூண் எழும்பும், கொஞ்ச நேரம் நிற்கும், கலையும். கரையில் நின்றே நீலத்திமிங்கிலம் பார்க்கக்கூடிய இடம் உலகத்தில் அதிகம் இல்லை.

காரணம் கடலடியில் இருக்கிறது. திருகோணமலைத் துறைமுக வாயிலிலேயே ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. மற்ற இடங்களில் அந்த ஆழத்துக்கு வெகுதூரம் ஓடவேண்டும். இங்கே ஆழம் கரைக்கு வந்து நிற்கிறது, அதன் பின்னால் இரையும், இரையின் பின்னால் திமிங்கிலமும்.

1979இல் சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைச் சரணாலயமாக அறிவித்தது. அதன் பிறகு 1982 முதல் 1984 வரை 'ரியூலிப்' என்ற பாய்மரக் கப்பலில் ஆராய்ச்சியாளர்கள் வந்து இந்தக் கடலில் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்தார்கள். அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். அந்தக் கப்பலைப் பற்றி அடிக்கடி சொல்லுவார். பிறகு யுத்தம். எங்கள் கடலில் மீன்பிடிக்கவே தடை வந்தபோது திமிங்கிலம் பார்க்க யார் போவது? 2009க்குப் பிறகுதான் எல்லாம். அதற்குள் மிரிஸ்ஸ பெயர் எடுத்துவிட்டது. எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு, மறைக்கவில்லை.

11 பெப்ரவரி, காலை 7.05

இராத்திரி படுத்தபிறகு யோசித்தேன். நான் எழுதியதில் ஒரு ஓட்டை. திருகோணமலையில் திமிங்கிலக் காலம் மார்ச்சில் தொடங்கி ஓகஸ்டில் முடிகிறது. நீங்கள் தேர் முடிந்த பிறகு என்கிறீர்கள். அது ஓகஸ்டின் பின்பகுதி. அப்போது நீங்கள் பந்தியில் கடைசி ஆள். கடல் நன்றாயிருக்கும், ஆனால் மகன் எதற்காக வருகிறானோ அது போயிருக்கக்கூடும்.

திருப்பிப் போடுங்கள். கனடாவில் ஜூன் கடைசியோடு பள்ளிக்கூடம் மூடுகிறதல்லவா? முதலில் காடு, பிறகு கடல், கடைசியில் யாழ்ப்பாணம். தேருக்கு நல்லூரில் நில்லுங்கள், அங்கிருந்தே திரும்புங்கள்.

11 பெப்ரவரி, இரவு 9.40

கணவருக்கு ஜூலை 12இல்தான் லீவு தொடங்குகிறதாம். போதும், நல்ல தேதி.

யாலவை வெட்டுங்கள். தென்கிழக்கு மூலையில் கிடக்கிறது, உங்கள் வழியில் இல்லை. அதற்குப் பதில் ஹபரணையில் இரண்டு இரவு. பக்கத்து மின்னேரியாக் குளம் வற்றத் தொடங்கும் காலம் அது. நீர் இறங்க இறங்கக் குளத்தின் படுகையில் புல் முளைக்கும், அதைத் தேடி யானைகள் காட்டிலிருந்து இறங்கும். ஓகஸ்ட், செப்ரெம்பரில் உச்சம், ஜூலையிலும் நன்றாகக் காணலாம். ஒன்று கவனியுங்கள்: குளத்தில் தண்ணீர் கூட நின்றால் புல் இல்லை, யானை கவுடுல்லப் பக்கம் போய்விடும். ஆகவே "மின்னேரியாதான் வேண்டும்" என்று ஜீப்காரரிடம் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். அவர்களுக்கு நாளாந்தம் தெரியும்.

12 பெப்ரவரி, பிற்பகல் 1.15

காடு. இதில்தான் எனக்கு இரண்டு மனம்.

ஜூலையில் சிங்கராஜா நனையும். அங்கே வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை, தென்மேற்குப் பருவத்தில் நல்ல பங்கு. ஜனவரி முதல் மார்ச் வரைதான் வசதியான காலம். அதனால் நக்கிள்ஸ், அதாவது தும்பறை மலைக்குப் போங்கள் என்று சொல்லவந்தேன். கண்டியிலிருந்து கிட்ட, திருகோணமலைக்கும் வழி. மூக்கில் இலை ஒட்டியதுபோல் ஓணான் ஒன்று உண்டு, உலகத்திலேயே அந்த மலையில் மட்டும். மகள் துள்ளுவாள்.

12 பெப்ரவரி, இரவு 8.30

இல்லை, தும்பறை வேண்டாம். மாமியை மறந்துவிட்டேன். அங்கே ஏற்றமும் இறக்கமும்தான், அறுபத்தெட்டு வயது முழங்காலுக்குச் சரிவராது. காற்றும் பலமாக இருக்கும். பிள்ளைகள் கேட்கும் மழைக்காடும் அதுவல்ல. தும்பறை பாதி மேகக்காடு, பாதி புல்மலை. அண்ணாந்து பார்த்தால் உச்சி தெரியாத மரம், கீழே இருட்டு, எங்கும் சொட்டுச் சத்தம்: அது சிங்கராஜாவில்தான் இருக்கிறது. நனைந்தால் நனையட்டும். மழைக்காட்டை மழையில் பார்ப்பதில் பிழையில்லை. அடைமழை என்றால் மட்டும் ஓடைகள் பெருகும், அப்போது வழிகாட்டி சொல்வதைக் கேட்டுத் திரும்ப வேண்டும்.

14 பெப்ரவரி, காலை 10.00

சிங்கராஜாவுக்கு எந்த வாசல் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள்.

கலவான வழியாகப் போனால் குடாவ வாசல். தெனியாய வழியாகப் போனால் பிட்டதெனிய வாசல். மிரிஸ்ஸவிலிருந்து வருகிறவர்களுக்குத் தெனியாய கிட்ட, அந்தத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ் பேசும் மக்களும் இருக்கிறார்கள். அங்கே பாதை ஆற்றைக் கடந்து, வேரும் பாறையுமாக ஏறி இறங்கும். இளமைக்கு நல்லது. முதன்முதல் நான் போனது அந்த வழியால்தான், இன்றைக்கும் அந்த ஆற்றுத் தண்ணீரின் குளிர் காலில் நிற்கிறது.

குடாவ வேறு மாதிரி. 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைக்காகச் சிங்கராஜாவில் மரம் வெட்டினார்கள். மக்கள் எதிர்த்தார்கள், 1977இல் வெட்டு நின்றது. 1978இல் உயிர்க்கோள ஒதுக்கிடம், 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை. அன்றைக்குப் பாரவூர்தி போக வெட்டிய தெருதான் இன்றைக்குக் குடாவ வாசலிலிருந்து உள்ளே போகும் நடைபாதை. அகலமானது, பெரும்பாலும் சமதரை. மாமி குடையைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாக நடக்கலாம். வாசல் வரைக்கும் உள்ள கடைசித் துண்டு கரடுமுரடு, அதற்கு ஜீப் பிடியுங்கள்.

குருவி பார்ப்பதற்கும் அந்தத் தெருதான் நாடு முழுவதிலும் சிறந்த இடம். சிங்கராஜாவில் பறவைகள் கலந்து கூட்டமாகத் திரியும். தவிட்டுக்குருவிகள் இரைந்துகொண்டு முன்னே போகும், கொண்டைக் கரிச்சான் காவல், பின்னால் பத்துப் பதினைந்து இனம். அரை மணித்தியாலம் ஒன்றும் இருக்காது, திடீரென்று தலைக்கு மேல் எல்லாம் ஒரேயடியாக வந்து நிற்கும், ஐந்து நிமிடத்தில் போய்விடும். அந்த ஐந்து நிமிடத்தில் செம்முகப் பூங்குயில் காணலாம். கபிலத் தலையும் நீல உடம்புமாக நீண்ட வாலோடு வரும் கெஹிபெல்லாவை வாசல் பக்கத்திலேயே காணலாம். இரண்டும் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. மகளிடம் சொல்லுங்கள்: ஓடித் தேடவேண்டாம், தெருவில் நின்று காதைக் கொடுத்தால் போதும். ஊதாமுக மந்தியும் அங்கேதான்.

காட்டுக்குள் வழிகாட்டி இல்லாமல் போக முடியாது, வாசலில் வனத் திணைக்களம் ஒருவரைச் சேர்த்து அனுப்பும். கனடாக் கடவுச்சீட்டுக்கு வெளிநாட்டார் கட்டணம். உள்ளூர்க் கட்டணத்தைவிடப் பலமடங்கு கூட. கேட்டுவிட்டு முகம் சுளிக்காதீர்கள், முன்கூட்டியே கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள்.

14 பெப்ரவரி, காலை 10.40

சொல்ல விட்டது. ஒரு இரவுப் பறவை. செந்நிறச் சின்ன ஆந்தை. பறவையியலாளர் தீபால் வரகாகொட 1995இல் கித்துல்கல மழைக்காட்டில் அறியாத குரல் ஒன்றைக் கேட்டார். ஆறு வருடம் குரல் மட்டும்தான். 2001இல்தான் சிங்கராஜாவில் ஆளைக் கண்டார், 2004இல் புதிய இனம் என்று உலகம் ஏற்றது. இவ்வளவு சின்ன நாட்டில், இவ்வளவு சனத்துக்கு நடுவில், ஒரு ஆந்தை அதுவரைக்கும் பெயரில்லாமல் இருந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

15 பெப்ரவரி, இரவு 7.20

அட்டை. எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான்.

ஜூலையில் அட்டை இருக்கும், நிறைய இருக்கும். முழங்கால் வரை இழுத்துக் கட்டும் அட்டைச் சொக்ஸ் காட்டு வாசல் கடைகளிலேயே கிடைக்கும். ஏறிவிட்டால் பிடுங்கி இழுக்கவேண்டாம், நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்து வழித்து விடுங்கள். கடித்த இடத்தில் இரத்தம் கனநேரம் நிற்காமல் கசியும். அட்டையின் எச்சிலில் இரத்தத்தை உறைய விடாத பொருள் இருக்கிறது, அதுதான் காரணம். சவர்க்காரம் போட்டுக் கழுவி அமத்திப் பிடித்தால் போதும். மாமி இரத்தம் இளக்கும் மருந்து எடுக்கிறாவா? எடுத்தால் வைத்தியரிடம் முதலே கேளுங்கள்.

நான் பயப்படுவது அட்டைக்கில்லை. காய்ந்த சருகு நிறத்தில் தரையில் சுருண்டு கிடக்கும் சின்ன விரியன் ஒன்று உண்டு, சிங்களத்தில் பொலொன் தெலிஸ்ஸா. நம் ஆஸ்பத்திரிகளில் உள்ள இந்திய விஷமுறிவு மருந்து அதற்கு வேலை செய்யாது. செருப்போடு காட்டுக்குள் இறங்கவே கூடாது. மூடிய சப்பாத்து, பாதையின் நடு, கை வைக்குமுன் கண். பிள்ளைகளுக்கு இந்த மூன்றும் போதும்.

23 பெப்ரவரி, காலை 9.10

வேறொருவர் அடுத்த வாரமே மிரிஸ்ஸ போகிறாராம், "அப்போ நாங்கள் போவது பிழையா" என்கிறார். இல்லையே! பெப்ரவரி, மார்ச் மிரிஸ்ஸவுக்கு அருமையான காலம். சிங்கராஜாவும் காய்ந்திருக்கும். காடும் தெற்குக் கடலும் ஒரே பருவத்தில் பொருந்துவது இந்த மாதங்களில்தான்.

ஆனால் படகைப் பார்த்து ஏறுங்கள். நான் அங்கே ஒரு முறை போனேன், மனைவியும் மகளும் கூட. கரையிலிருந்து ஒரு மணித்தியாலம் ஓடியபிறகு ஒரு மூச்சு எழும்பியது. அந்த நொடியே எங்கள் படகும் வேறு ஏழெட்டுப் படகுகளும் அதை நோக்கிப் பாய்ந்தன. நாலு பக்கமும் இயந்திரச் சத்தம், புகை. திமிங்கிலம் இரண்டு மூச்சு எடுத்துவிட்டு இறங்கிப் போனது. வழமையாக அதைவிடக் கூட மூச்சு எடுத்துத்தான் ஆழம் போகும். மகள் "அப்பா, அதுக்குப் பயமா?" என்று கேட்டாள். நான் காசு கொடுத்து அதைக் கலைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. கரைக்கு வரும்வரை ஒருவரும் பேசவில்லை.

2012 முதல் இதற்கு ஒழுங்குவிதி உண்டு. திமிங்கிலத்துக்கு 100 மீற்றருக்குக் கிட்டப் படகு போகக்கூடாது. ஏறுமுன் படகுக்காரரிடம் கேளுங்கள்: எவ்வளவு தூரத்தில் நிறுத்துவீர்கள், இயந்திரத்தை நிறுத்துவீர்களா? "கிட்டக் கொண்டுபோய்க் காட்டுறன்" என்று சொன்னால் அந்தப் படகு வேண்டாம்.

23 பெப்ரவரி, மாலை 6.00

மிரிஸ்ஸ போகிறவருக்கே இன்னும் கொஞ்சம். இலங்கையின் தென்கோடியான தெவுந்தர முனைக்கு நேர் தெற்கே உலகத்திலேயே மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று ஓடுகிறது. திமிங்கிலம் இரை தேடும் இடமும் அதுவே. கப்பல் மோதிச் செத்த திமிங்கிலங்கள் கரை ஒதுங்கியிருக்கின்றன. கப்பல் பாதையைக் கொஞ்சம் தெற்கே நகர்த்துங்கள் என்று விஞ்ஞானிகள் பல வருடமாகக் கேட்கிறார்கள். எம்.எஸ்.சி. என்ற பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனம் 2022இல் தானாகவே தன் கப்பல்களைத் தெற்கே நகர்த்தியது. எல்லோரும் செய்தால் தேவலை.

இந்தத் திமிங்கிலங்கள் குளிர்கடலுக்குப் போய் வருவதில்லை என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் ஆஷா டி வொஸ், நம் நாட்டுக் கடல் உயிரியலாளர். 2003இல் கடலில் ஆறு நீலத்திமிங்கிலங்களைக் கண்டார். தண்ணீரில் சிவப்பாக மிதந்தது அவற்றின் கழிவு. அப்படியென்றால் இங்கேயே சாப்பிடுகின்றன. வெப்பக் கடலில் நீலத்திமிங்கிலம் இரை தின்னாது என்ற பாடம் அன்றைக்கு ஆட்டம் கண்டது. இவை தின்பது பெரும்பாலும் ஒருவகைக் குட்டி இறால்.

24 பெப்ரவரி, இரவு 10.10

தலைப்பை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தெவுந்தர என்று எழுதியதும் "அது நம் தொண்டேச்சரம் அல்லவா" என்று ஒருவர் கேட்டார். ஆம், தென்னாவரம் என்றும் சொல்லும் அந்தப் பழைய கோயில் இருந்த இடம். 1588இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். அதற்கு வெகுமுன்னர், 1409ஆம் ஆண்டு பொறித்த மும்மொழிக் கல்வெட்டு ஒன்றைச் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தார். சீனம், தமிழ், பாரசீகம். தமிழ்ப் பகுதியில் அந்தக் கோயில் தெய்வமான தெனவரை நாயனாருக்குக் கொடுத்த காணிக்கைகள் வரிசையாக இருக்கின்றன. 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள், இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மிரிஸ்ஸவிலிருந்து வெளிச்சவீடு பார்க்கத் தெவுந்தர போகிற தமிழர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு நின்று பாருங்கள், கடல் வேறு மாதிரித் தெரியும்.

3 மே, காலை 8.00

ரொறன்ரோத் தங்கச்சி பயணச்சீட்டு எடுத்துவிட்டா. ஜூலை 14 கட்டுநாயக்க. குடாவ இரண்டு இரவு, ஹபரணை இரண்டு, உப்புவெளி ஐந்து, பிறகு யாழ்ப்பாணம்.

கலவானவிலிருந்து ஹபரணை ஒரு முழு நாள் ஓட்டம். அதைச் சின்னதாக நினைக்கவேண்டாம், குருநாகலில் இறங்கிச் சாப்பிட்டு ஆறுங்கள். வான் பிடிக்கும்போதே சாரதிக்கு இரவுத் தங்கல் யார் பொறுப்பு என்று பேசிக்கொள்ளுங்கள்.

உப்புவெளியில் ஐந்து இரவு என்பதில் கை வைக்காதீர்கள். திமிங்கிலத்துக்கு ஒரு காலைதான் ஒதுக்குவது எல்லோரும் விடுகிற பிழை. வந்த மறுநாளே முதற்படகு ஏறுங்கள். ஒன்றும் இல்லையென்றால் இன்னும் மூன்று காலை கையில் இருக்கும். கடைசி நாளுக்கு வைத்திருந்து, அன்றைக்குக் காற்று எழும்பி, அழுதுகொண்டு திரும்பிய குடும்பங்களைக் கண்டிருக்கிறேன்.

4 மே, இரவு 9.25

"கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும்" என்று பெப்ரவரியில் எழுதினேன். அதில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும், காலைக்கு மட்டும்தான் அது உண்மை. ஜூன், ஜூலையில் கச்சான் அடிக்கும். மேற்கேயிருந்து தரையைத் தாண்டி வரும் வெப்பக் காற்று. மதியத்தோடு பலக்கும், கடல் நொறுங்கத் தொடங்கும். ஆகவே விடியும்போதே புறப்பட்டு, பத்து மணிக்குள் கரையேறுங்கள்.

இங்கே படகு சிறியது. ஃபைபர் படகு, மேலே மூடி இல்லை, கழிப்பறை இல்லை. மிரிஸ்ஸவின் இரண்டு தட்டுப் படகை நினைத்து வராதீர்கள். மாமியை ஏற்றவேண்டாம் என்பதே என் கருத்து. பிள்ளைகளுக்கு அளவான லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று முதல் நாளே போய்ப் பாருங்கள். பெரியவர்களின் ஜாக்கெட்டைப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் அது தலைக்கு மேலால் கழன்றுவிடும். கடற்சுகவீனத்துக்கான குளிசை போடுவதென்றால் வைத்தியரிடம் அளவு கேட்டு, ஏறுவதற்கு முன்னமே போடவேண்டும். வாந்தி தொடங்கியபிறகு போட்டுப் பயனில்லை. வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. இரண்டு பிஸ்கட். கண் தொடுவானத்தில்.

4 மே, இரவு 9.50

கணவர் திமிங்கிலத்தோடு சேர்ந்து நீந்த ஆசைப்படுகிறாராம். வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. நீந்தத்தான் வேண்டுமென்றால் புறாத்தீவு இருக்கிறது. நிலாவெளிக்கு எதிரே, படகில் கொஞ்ச நேரம். 2003 முதல் தேசியப் பூங்கா. முழங்காலளவு தண்ணீரிலேயே கறுப்புமுனைச் சுறாக்குட்டிகள் சுற்றித் திரியும், ஒன்றும் செய்யாது. கிழமை நாளில், முதல் படகில் போங்கள். வாரக் கடைசியில் சனம் பவளத்தின் மேல் ஏறி நிற்கும். பவளத்தில் கால் வைக்காதீர்கள் என்று பிள்ளைகளுக்குக் கரையிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

6 ஜூலை, காலை 7.45

மகன் கேட்டு எழுதிய கேள்விக்குப் பதில். தம்பி, தூரத்திலிருந்தே எந்தத் திமிங்கிலம் என்று சொல்ல மூச்சைப் பார்க்கவேண்டும். நேராக, உயரமாகத் தூண்போல் எழுந்தால் நீலத்திமிங்கிலம். ஒன்பது மீற்றர் வரைகூடப் போகும். தாழ்வாக, பற்றைபோல், முன்பக்கம் இடதுபுறம் சாய்ந்து எழுந்தால் எண்ணெய்த் திமிங்கிலம், ஆங்கிலத்தில் ஸ்பேர்ம் வேல். அதன் மூச்சுத்துளை தலையின் இடது நுனியில் இருக்கிறது, அதனால்தான் சாய்வு. நீலத்தின் முதுகு நீளமாக உருண்டுகொண்டே இருக்கும், எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருக்க, கடைசியில் ஒரு சின்னஞ்சிறு துடுப்பு வரும்.

வால் மேலே எழும்பினால் ஆழம் போகிறது என்று அர்த்தம். உடனே மணிக்கூட்டைப் பார். பத்து, பதினைந்து நிமிடத்தில் திரும்ப வரும். அந்த நேரத்தைக் கொப்பியில் குறி. அடுத்த முறை எப்போது எழும்பும் என்று படகுக்காரருக்கு நீயே சொல்லலாம்.

22 ஜூலை, இரவு 8.15

தொலைபேசியில் கதைத்தார்கள். குடாவவில் இரண்டு நாளும் மழை. இரண்டாம் நாள் காலை ஒரு மணித்தியாலம் விட்டதாம், அந்த ஒரு மணிக்குள் பறவைக் கூட்டம் வந்துவிட்டது. மகள் பதினோரு இனம் எண்ணினாளாம். மாமிக்கு ஒரு அட்டை, மகனுக்கு ஒன்பது.

உப்புவெளியில் முதற்காலை திமிங்கிலம் இல்லை, சுழன்று பாயும் டொல்பின்கள் நூற்றுக்கணக்கில். இரண்டாம் காலை காற்று, படகு இறக்கவில்லை. மாமியைக் கூட்டிக்கொண்டு கோணேசருக்குப் போய், கோட்டைக்குள் புள்ளிமான்களுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். நாளைக்கு மூன்றாவது முறை. எனக்கு இங்கே இருப்புக்கொள்ளவில்லை.

23 ஜூலை, காலை 11.30

கண்டுவிட்டார்கள்! நீலம், ஒன்றே ஒன்று. படகுக்காரர் வெகுதூரத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டாராம். மூன்று முறை எழுந்தது. மகனின் கொப்பியிலிருந்து: முதல் முழுக்கு 12 நிமிடம் 40 விநாடி, இரண்டாவது 11 நிமிடம் 5 விநாடி. மூன்றாவதற்குப் பிறகு காற்று தொடங்க, திரும்பிவிட்டார்கள். நாலாவது முறைக்கு நிற்கட்டுமா என்று கேட்காமல் படகைத் திருப்பிய அந்த ஓட்டி யாரென்று எனக்குத் தெரியவேண்டும், அடுத்த முறை என் குடும்பமும் அவரோடுதான்.

23 ஜூலை, பிற்பகல் 2.10

தம்பி, படம் எடுத்தாயா? வால் படம் அழகுதான், ஆனால் நீலத்தை அடையாளம் காண முதுகுத் துடுப்பைச் சுற்றியுள்ள சாம்பல் புள்ளிகள்தான் கைரேகை மாதிரி. ஆராய்ச்சியாளர்கள் அதை வைத்துத்தான் பழைய படங்களோடு ஒப்பிடுவார்கள். மங்கலாக இருந்தாலும் அழித்துவிடாதே. இடது பக்கமா வலது பக்கமா என்று எழுதி, நேரத்தையும் கொப்பியில் உள்ளபடியே சேர்த்து வை.